இதயவறையின் மின்னெழுத்து

மனித உடலில் ஓய்வறியா உறுப்பு இதயம். அது துடிக்குமுன் நுண்ணிய மின்தூண்டல் ஒன்று அதன் தசைகளிற் பரவுகின்றது. அதனைத் தோலின்மீது அளந்து தாளில் வரைவதே இதய மின்வரைபு. இதற்குரிய நுண்கருவியை ஆக்கிய ஒல்லாந்த அறிஞர் ஐந்தோவன் 1860 இல் யாவாத் தீவிற் பிறந்தவர். அவர் நோபெல் பரிசு பெற்ற 1924 ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு இருப்புப்பாதையும் பதுளையை அடைந்தது.

வரைபில் முதலில் எழும் பீ அலை, மேலறைகளாகிய சோணையறைகளுக்குரியது. சிறிது தாமதித்து எழும் கூர்முனை கியூ-ஆர்-எஸ் தொகுதி எனப்படும். கீழறைகளாகிய இதயவறைகள் தூண்டப்படுவதை அது காட்டும். பின்வரும் ரீ அலை, அவை பழைய மின்னிலைக்கு மீள்வதைக் குறிக்கும்.

இதயவறைத் தசை தடித்தது. ஆயினும் அதன் கூர்முனை ஒடுங்கியிருப்பது ஏன்? முற்காலத்தில் ஊவாத் தோட்டங்களில் விடியலில் முழங்கிய பெரட்டுத் தப்பை நினைவுகூர்க. அவ்வொலி எல்லா லயங்களையும் ஒருங்கே எழுப்பியது. அவ்வாறே ஹிஸ் கற்றையும் அதன் கிளைகளும் புர்க்கிஞ்சி நார்களும் தூண்டலை விரைந்து பரப்புகின்றன, ஏறக்குறைய 0.1 விநாடிக்குள் அனைத்தும் முடிகின்றது. ஒரு கிளை தடைப்படின், செய்தி வீடுவீடாகச் செல்வதுபோலத் தூண்டல் தசைவழியே மெல்ல ஊர்கின்றது, கூர்முனை அகல்கின்றது. வழக்கமான வரைதாளில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. மூன்று கட்டங்களையோ அதற்கு மேலோ கொண்ட அகலம் ஆராயத்தக்கது. இதயவறையிலேயே பிறக்கும் துடிப்பும் இவ்வாறே அகன்று தோன்றும்.

கூர்முனைக்கும் ரீ அலைக்கும் இடைப்பட்ட கோடு இயல்பாக அடிக்கோட்டை ஒட்டியிருக்கும். நெஞ்சுநோவுற்றவரில் அஃது உயர்ந்து நிற்பின், முடியுருநாடி ஒன்று அடைபட்டிருக்கலாம் என ஐயுறல் வேண்டும். அந்நிலையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தசையின் அழிவாகும். எனினும் முதல் வரைபு செம்மையாயிருத்தல் கொண்டே நோயில்லையெனத் துணிதல் தகாது. நோவு நீடிப்பின் மீண்டும் வரைதல் வேண்டும்.

பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு வரும் மலைவழி வளைவுகள் மிக்கது. நோயாளி கடக்கவேண்டிய அத்தூரத்தை வரைபு நொடியிற் கடக்கவல்லது. ஐந்தோவனே 1905 இல் வைத்தியசாலை நோயாளரின் இதயத்தூண்டலைத் தொலைபேசிக் கம்பிவழியே ஒன்றரைக் கிலோமீற்றர் அப்பாலிருந்த தம் ஆய்வுகூடத்திற் பதிந்தார். இன்று கைத்தொலைபேசியே அப்பணியை ஆற்றும். தொலைவிலுள்ள தொழிலாளியின் உயிர், அச்சிறு கோட்டைக் காலத்தே வரைவோரிலும் கருத்தூன்றிப் படிப்போரிலும் தங்கியுள்ளது.