வெயில் ஏறும் முன்

ஜெராம் கடலில் நீந்திப் பழக முடியாது. நீர் வற்றினால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சேறுதான். கெராங் சிப்பி பொறுக்குகிறவர்களுக்கே அது வாய்த்த கடல். நான் நீந்தப் பழகியது கிள்ளான் பக்கம் ஒரு குளத்தில். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் குறையே இல்லை, செம்பனைக்கு நடுவே போகும் தோட்டச் சடக்குகள் இருந்தன. இப்படி ஓர் ஆண்டு பழகி, 42 வயதில் போர்ட்டிக்சனில் டிரையத்லானில் இறங்கினேன். 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் அடுத்தடுத்து. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலில் சேர்ந்தபோதும் இதே தூரம்தான்.

கடலுக்குள் இருக்கும்போதுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். கரையேறும்போதும் ஒன்று உண்டு. நீந்துகையில் உடம்பு படுத்த வாக்கில் இருக்கிறது, நீரும் கால்களை அழுத்துகிறது. இரத்தம் நெஞ்சுப் பக்கம் சேர்கிறது. சட்டென்று எழுந்து நின்றால் அந்த அழுத்தம் போய், இரத்தம் காலுக்கு இறங்கிவிடும். கண் இருட்டும். கரை நெருங்கும்போது காலை நன்றாக உதைத்துக்கொண்டே வா என்று பழகியவர் ஒருவர் சொல்லித் தந்திருந்தார். அது காப்பாற்றியது.

சைக்கிளில் சுகமாகத்தான் இருந்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே வேகத்தில் காற்று மேலே அடிக்கிறது, வியர்வை உடனே காய்கிறது. வெப்பம் ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். அந்த நினைப்பில் குடிக்க வேண்டியதைக் குடிக்காமல் விட்டேன்.

ஓட்டத்தில் கணக்குத் தீர்ந்தது. தசை எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவானதே அசைவாக மாறுகிறது, மீதியெல்லாம் சூடு. 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 600 கிலோகலோரி செலவாகும், அதில் 480 வரை வெப்பமாகவே உடம்பில் தங்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அப்படியானால் ஒரு லிட்டருக்கும் குறைவான வியர்வையே போதும். ஆனால் ஆவியாக வேண்டும், அதுதான் விஷயம். நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை காயாமல் முழங்கையிலும் தாடையிலும் சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை ஒரு துளி வெப்பத்தையும் கொண்டு போவதில்லை. உடம்பிலிருந்து நீர் போனதுதான் மிச்சம். நாலாவது கிலோமீட்டரில் என் காலணிக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. ஆறாவதில், அந்த வெயிலில், கை மயிர் குத்திட்டுக் குளிர்ந்தது. பயந்துபோய் நடக்கத் தொடங்கினேன்.

அப்போது அம்மாவின் ஞாபகம் வந்தது. இப்போது செம்பனையாகிவிட்ட அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். இருட்டோடு எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கோடு நிரைக்குள் இறங்குவார். "வெயில் ஏறிட்டா மரம் பால் கொடுக்காதுய்யா" என்பார். அது வெறும் பேச்சு இல்லை. பால்மரப் பட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களில், விடியும் முன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு இருக்கும். பொழுது ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகிறது, குழாய்களில் அழுத்தம் இறங்குகிறது, பால் குறைகிறது.

மனித உடம்பிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. வியர்வைக்கான நீர் இரத்தத்திலிருந்து வருகிறது. நீர் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தமும் குறைகிறது. ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. ஓடத் தசைக்கு இரத்தம் வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் வேண்டும். இரண்டுக்கும் போதாத கட்டம் ஒன்று வரும். 2016இல் மெக்சிகோவின் கொசுமெலில் நடந்த டிரையத்லானில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜொனதன் பிரவுன்லி எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பு தள்ளாடினார். அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கி அதைக் கடக்க வைத்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற உடம்புக்கே அந்த நிலை.

அதற்காகக் கண்டபடி தண்ணீர் குடிப்பதும் தவறு. 2002 போஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓடி முடிக்கையில் எடை கூடியிருந்தவர்களே அதில் முக்கியமானவர்கள். உப்பும் சேர்ந்த பானத்தைத் தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே சரி.

உடம்பைப் பழக்கலாம் என்பது நல்ல செய்தி. 10 முதல் 14 நாள், தினமும் ஒரு மணி நேரம் அளவோடு வெப்பத்தில் உழைத்தால் இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். குளிர்சாதன அறையில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. தோட்டத்தில் குலை அறுக்கும் தொழிலாளிக்கு உண்டு. அவருடைய உடம்பு செய்யும் வேலையை நாம் சரியாக மதித்ததில்லை என்பது என் எண்ணம்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் டிரையத்லானை வெப்பத்துக்கு அஞ்சிக் காலை 6.30க்குத் தொடங்கினார்கள். அந்த நேரத்துக்குள் அம்மா தன் நிரையில் எத்தனையோ மரங்களை வெட்டி முடித்திருப்பார்.

நடந்தும் ஓடியும் நான் எல்லையைத் தொட்டேன். ஓடப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட ஓடுகிறவர் உளறினாலோ, நேராக நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் போயிருக்கலாம். 999ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, கிடைக்கிற குளிர்ந்த நீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள்.