410 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

அலோர்ஸ்டாரிலிருந்து கோலாலம்பூருக்கு விமான டிக்கெட் எடுத்தால், பயண நேரம் சுமார் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கும். ஏ320 ஜெட் மேலே ஏறி நிலைகொண்டுவிட்டால் மணிக்கு 830 கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் இரண்டு ஊருக்கும் இடையே 900 கிலோமீட்டர் இருக்க வேண்டும். காரில் போனாலே 450தான் வரும்!

வான்வழித் தூரத்தை நாமே கணக்குப் போடலாம். கெப்பாலா பத்தாஸில் உள்ள அலோர்ஸ்டார் விமான நிலையம் வட அட்சரேகை 6.2 பாகையில் இருக்கிறது, கோலாலம்பூர் விமானம் இறங்கும் சிப்பாங்கின் கே.எல்.ஐ.ஏ. நிலையம் 2.75 பாகையில். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் தெற்கே 383. கிழக்கே 1.3 பாகை, அதாவது 144. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸைக் கூப்பிட்டால் 410 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். பூமி உருண்டைதான்; ஆனால் இவ்வளவு குட்டித் தூரத்தில் அது பெரிதாகக் குறுக்கிடுவதில்லை.

மீதி நேரம் எங்கே போகிறது? விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 33,000 அடியிலிருந்து இறங்க 99 கடல் மைல், ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பிடிக்கும். ஆக, முழு வேகத்தில் ஓட மிஞ்சுவது 50 கிலோமீட்டர்தான். போதாக்குறைக்கு, 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. டிக்கெட்டில் உள்ள நேரமோ விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், மறுமுனையில் வந்து நிற்கும்வரை. மூன்று ஓடுபாதை கொண்ட கே.எல்.ஐ.ஏ.யில் தரையில் ஊர்வதே ஒரு தனிப் பயணம்.

அதனால்தான் கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் விமான நிலையத்திலிருந்து அலோர்ஸ்டாருக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானம், மணிக்கு 510 கிலோமீட்டரே போனாலும், ஜெட்டுக்கு ஈடுகொடுக்கிறது. அதன் பாதை 360 கிலோமீட்டர். அவ்வளவு உயரம் ஏறுவதும் இல்லை.

1934இல் லண்டன்–மெல்பர்ன் வான்பந்தயத்தில் கலந்துகொண்ட கே.எல்.எம். நிறுவனத்தின் டிசி-2 விமானம் 'உய்வர்', ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் வழியில் அலோர்ஸ்டாரில் இறங்கியது. அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றும் வசதி அன்று இல்லாததால் தாழவே பறந்தார்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் அப்போது ஓரளவு சரியாக வந்திருக்கும்.

இன்று கெடாவின் பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்புகிறவர் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம், அங்கே காத்திருக்க ஒரு மணி நேரம், பறக்க ஒன்று, பெட்டி வாங்கி ரயில் பிடித்து நகரத்துக்குள் போக இன்னொன்று. மொத்தம் நாலு மணி நேரம். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் காரும் அதற்குள் போய்விடும், வழியில் டீ குடித்துவிட்டே!

சென்னை என்றால் கதை மாறும். 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிய பினாங்கு–சென்னை நேரடிப் பாதை சுமார் 2,350 கிலோமீட்டர். ஏற்ற இறக்கத்துக்குப் போகும் 360 அங்கே ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஜெட் எஞ்சின் தன் வேகத்தைக் காட்ட இடம் கிடைக்கிறது.