இருட்டில் மீன் முள்ளை எப்படிப் பார்ப்பது?

கட்டாரில் வசிக்கும் எங்கள் மாமி கடந்த விடுமுறைக்கு மன்னாருக்கு வந்திருந்தார். ஒரு நாள் பகல் எல்லோரும் பாயில் உட்கார்ந்து சூடை மீன் ஆணத்தோடு சோறு சாப்பிட்டோம். அப்போது மாமி அங்கே தாம் போன ஒரு திரையரங்கைப் பற்றிச் சொன்னார். சாய்ந்து படுக்கக்கூடிய கதிரை, அதன் பக்கத்தில் ஒரு சிறிய மேசை. பொத்தானை அழுத்தினால் பணியாளர் வந்து, என்ன வேண்டும் என்று மெதுவாகக் கேட்பாராம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுச் சாப்பாடும் இருக்கைக்கு வந்துவிடுமாம்.

நாங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். உம்மம்மா மட்டும், "அது சரி மகள், அந்த இருட்டில் மீன் முள்ளை எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டுத் திரையரங்கு என்பது என்ன, அது ஏன் உருவானது, அதனால் நமக்கு என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் உம்மம்மாவின் கேள்விக்குள்ளேயே வழி இருக்கிறது. படம் பார்ப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு குடும்பத்தினதும் தீர்மானம். நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி மட்டுமே.

சோளப்பொரி உள்ளே வந்த கதை

ஆரம்பத்தில் திரையரங்குகள் சாப்பாட்டை விரும்பவில்லை. அமெரிக்காவின் பெரிய அரங்குகள் மாளிகைகளைப் போலக் கட்டப்பட்டிருந்தன. விலையுயர்ந்த கம்பளத்தில் சோளப்பொரி சிந்துவதை உரிமையாளர்கள் பொறுக்கவில்லை. அது பேசாப் படங்களின் காலம் என்பதால் கொறிக்கும் சத்தமும் இடைஞ்சலாக இருந்தது. 1927ஆம் ஆண்டுக்குப் பின் பேசும் படங்கள் வந்தன. அந்தச் சத்தம் படத்தின் ஒலிக்குள் மறைந்தது.

1929இல் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. மக்களிடம் காசு இல்லை. ஆனாலும் சில சதங்களுக்கு ஒரு பை சோளப்பொரி வாங்க முடிந்தது. அரங்குக்கு வெளியே தெருவில் விற்றவர்கள் பிழைத்துக்கொண்டதைக் கண்ட உரிமையாளர்கள், அந்த வியாபாரத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சீனி பங்கீட்டுக்கு வந்ததால் இனிப்புப் பண்டங்கள் குறைந்தன. சோளப்பொரியின் இடம் இன்னும் உறுதியானது.

அன்றிலிருந்து இன்றுவரை கணக்கு ஒன்றுதான். டிக்கட் பணத்தில் பெரும் பங்கு படத்தை வெளியிடுபவர்களுக்குப் போகிறது. சாப்பாட்டுப் பணம் அரங்கிடமே தங்குகிறது. வெஸ்லி ஹார்ட்மன், ரிக்கார்ட் கில் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்பெயின் நாட்டுத் திரையரங்குகளின் கணக்குகளை ஆராய்ந்தவர்கள். திரையரங்குகளின் வருமானத்தில் ஏறத்தாழ 20 வீதம்தான் சிற்றுண்டியிலிருந்து வருகிறது, ஆனால் இலாபத்தில் ஏறத்தாழ 40 வீதம் அதிலிருந்தே வருகிறது என்று அவர்களது ஆய்வு பற்றிய செய்தி கூறுகிறது. வெளியே மலிவான பண்டம் உள்ளே ஏன் பல மடங்கு விலை என்பதற்கு இதுவே காரணம்.

சிற்றுண்டியிலிருந்து முழுச் சாப்பாட்டுக்குப் போவது அடுத்த படி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஓஸ்டின் நகரில் 1997இல் டிம் லீக், கெரி லீக் தம்பதியர் 'அலமோ ட்ராப்ட்ஹவுஸ்' என்ற அரங்கைத் தொடங்கினார்கள். கதிரை வரிசைகளுக்கிடையே நீண்ட மேசைகள் போட்டார்கள். வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால், பணியாளர் குனிந்து வந்து எடுத்துச் செல்வது நெடுங்காலம் அங்கே வழக்கமாக இருந்தது. பேசுவதற்கும் தொலைபேசி பாவிப்பதற்கும் அங்கே கடும் தடை இருந்தது. 2024இல் அந்த நிறுவனத்தை சோனி பிக்சர்ஸ் வாங்கியது. இந்தியாவில் பிவிஆர் நிறுவனம் 2011இல் டில்லியில் 'டிரெக்டர்ஸ் கட்' என்ற பெயரில் உணவகத்தோடு கூடிய அரங்கொன்றைத் திறந்தது.

உம்மம்மாவின் கேள்விக்குப் பதிலும் இங்கே கிடைக்கிறது. இருட்டில் மீன் முள்ளைப் பார்க்க முடியாது. அதனால்தான் அங்கே முள்ளில்லாத, எலும்பில்லாத, ஒரு கையால் எடுத்து வாயில் போடக்கூடிய உணவுகளே அதிகம். பர்கர், பீட்சா, பொரித்த உருளைக்கிழங்கு போன்றவற்றைப் பார்க்காமலேயே சாப்பிட்டுவிடலாம்.

பெற்றோர் அறிய வேண்டியவை

வீட்டுச் சாப்பாட்டை அரங்குக்குள் கொண்டுபோகலாமா? இந்தக் கேள்வி இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018இல் கூறியிருந்தது. 2023 ஜனவரி 3ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அரங்கு தனியார் சொத்து, ஆகவே நிபந்தனை விதிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்றது. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்பனவும் அந்தத் தீர்ப்பில் உள்ளன. அது இந்தியாவுக்குரிய சட்டம். எனினும் தண்ணீரும் பால்குடிக் குழந்தையின் உணவும் வியாபாரத்துக்கு அப்பாற்பட்டவை என்ற நியாயம் எல்லா ஊருக்கும் பொதுவானது.

நமக்கு இன்னொரு கவனமும் தேவை. வெளிநாடுகளில் பல சாப்பாட்டு அரங்குகளில் மதுவும் பரிமாறப்படுகிறது. இறைச்சியைப் பற்றிக் கேட்கும் நாம் இனிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. மார்ஷ்மெலோ, ஜெலி வகைகளில் சேர்க்கப்படும் ஜெலட்டின் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. வெளிச்சமுள்ள இடத்திலேயே பொதியை வாசித்துவிட வேண்டும். உள்ளே போனபின் எழுத்துத் தெரியாது.

உப்பில்லாத ஆணம்

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிய சோளப்பொரியும் சிலருக்கு ஒரு வாரம் பழையதும் கொடுத்தார்கள். அரங்கில் சோளப்பொரி சாப்பிட்டுப் பழகியவர்கள், நமத்துப்போன பழையதையும் புதியதைப் போலவே சாப்பிட்டார்கள். அது ருசியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் கை நிற்கவில்லை. வழக்கமாகச் சாப்பிடாத மற்றக் கையால் சாப்பிடச் சொன்னபோது அந்தப் பழக்கம் உடைந்தது. பழையதைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். கவனம் திரும்பியதும் நாக்கும் விழித்துக்கொண்டது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. இரவில் வாப்பா செய்தி பார்ப்பார். நானா தொலைபேசியில் கிரிக்கெட் பார்ப்பார். நானும் தங்கச்சியும் தொடர்நாடகத்தின் முன் தட்டோடு இருப்போம். ஒரு நாள் ஆணத்தில் உப்பே இல்லை. நாங்கள் நான்கு பேரும் சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டோம். எங்களுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து ஒரு வாய் வைத்த உம்மாதான் அதைக் கண்டுபிடித்தார். "உப்பில்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லையே" என்றார். குறை சொல்லாததற்கு உம்மா சந்தோஷப்படவில்லை. நாங்கள் அவர் சமைத்ததைக் கவனிக்கவேயில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அப்படிப் பார்த்தால் சாப்பாட்டுத் திரையரங்கு கட்டாரிலோ கொழும்பிலோ மட்டும் இல்லை. டிக்கட் இல்லாமல் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பரிமாறுகின்ற வேலை உம்மாவுக்கு.

சாப்பிடும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், வலக் கையால் சாப்பிடவும், தனக்கு அருகிலிருப்பதை எடுக்கவும் ஒரு சிறுவருக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இம்மூன்றும் சாப்பாட்டில் கவனம் வைக்கவும் நம்மைப் பழக்குகின்றன. நம் கலியாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காரும்போது யாருக்கு இறைச்சி போதவில்லை, யார் வெட்கத்தில் கையை இழுக்கிறார் என்பது மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். திரையரங்கில் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறோம், ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

எப்போதாவது ஒரு நாள் அப்படியோர் அரங்கில் சாப்பிடுவது ஒரு புதுமைதான். மாமி அழைத்தால் நானும் ஒருமுறை பார்க்க விரும்புவேன். ஆனால் ஒவ்வொரு இரவும் அப்படிச் சாப்பிட்டால் இழப்பு நம்முடையது. இப்போது எங்கள் வீட்டில் பாய் விரித்ததும் தொலைக்காட்சியை நிறுத்துகிறோம். முதல் சில நாட்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்தோம். இப்போது உம்மாவும் எங்களோடு உட்காருகிறார். தங்கச்சிக்குச் சூடை மீனின் முள்ளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.