பட்டினியில் சேரும் எண்ணெய்

தடாவுக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பூநாரை பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மணலில் உள்ள அதே சிலிக்காவால் ஓடு கட்டிக்கொண்ட டையாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகளைக் காணலாம். அவற்றுக்குள் சிறு முத்துகளாக மின்னுபவை எண்ணெய்த் துளிகள்.

இந்த எண்ணெய் நம் நல்லெண்ணெய்க்கு உறவுதான். ஒரு கிளிசரால், அதைப் பற்றி நிற்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள், பெயர் ட்ரைகிளிசரைடு. மின்னூட்டம் இல்லாததால் நடுநிலைக் கொழுப்பு என்கிறார்கள். தண்ணீரோடு ஒட்டாமல் செல்லுக்குள் தனியே திரண்டுவிடும். நைல் ரெட் என்ற சாயத்தை ஏற்றி நீல ஒளியில் பார்த்தால் பொன் நிறத்தில் ஒளிரும்.

சாப்பாடு தாராளமாக இருக்கும்வரை பாசி இதை அதிகம் சேர்ப்பதில்லை. பிரிந்து பிரிந்து பெருகும். நைட்ரஜன் தீர்ந்தால் புதுப் புரதம் கட்ட முடியாது, பெருக்கம் நிற்கும். வெயிலோ விழுந்துகொண்டே இருக்கும். அந்த ஆற்றலைப் பாசி எண்ணெயாக்கிப் பத்திரப்படுத்துகிறது. டையாட்டத்துக்குச் சிலிக்கா தீர்ந்தாலும் இதுவே நடக்கும். சில ஈஸ்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும்கூட இந்தப் பழக்கம் உண்டு.

இந்த எண்ணெயை டீசலாக்க அமெரிக்கா 1978 முதல் 1996 வரை பெரிய ஆராய்ச்சி நடத்தியது. பட்டினி போட்டால் எண்ணெய் கூடுகிறது, பாசியின் விளைச்சல் குறைகிறது. தண்ணீரிலிருந்து பாசியையும், பாசியிலிருந்து எண்ணெயையும் பிரிக்கும் செலவு வேறு. டீசல் விலைக்கு அது கட்டவில்லை.

உணவுக்குக் கட்டுகிறது. குழந்தைகளின் பால்மாவில் சேரும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, கிரிப்தெகோடினியம் என்ற கடல் நுண்ணுயிரின் எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. வங்கக் கடலோர இறால் பொரிப்பகங்கள் கீட்டோசெரோஸ் என்ற டையாட்டத்தைத் தொட்டிகளில் வளர்க்கின்றன. முட்டையைவிட்டு வந்த இறால் குஞ்சு முதலில் தன் மஞ்சள் கருவில் வாழும். அது தீர்ந்ததும் முதல் இரை இந்தப் பாசிதான். இங்கே எண்ணெயைப் பிரிக்கும் செலவே இல்லை. குஞ்சு பாசியோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறது.

பழவேற்காட்டு மடவை மீனில் நாம் சாப்பிடும் ஒமேகா-3 கொழுப்பும் இத்தகைய பாசிகளிடமிருந்தே தொடங்குகிறது. ஏரித் தண்ணீரைக் கெடாமல் காப்பது, நம் தட்டுக்கு வரும் மீனைக் காப்பதுதான்.