வாகைகுளம் டு வெளிநாடு!

கப்பலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் சார், எங்கள் மாப்பிள்ளையூரணிப் பையன்கள். கடல் கொந்தளித்தால் பயப்பட மாட்டார்கள். ஆனால் கப்பலில் வேலை கிடைத்து, முதன்முதலாக ஏர்போர்ட் கண்ணாடிக் கதவு 'சர்ர்'ரென்று தானாகத் திறந்தால் போதும்... ஓரடி பின்னால் நகர்ந்துவிடுவார்கள்!

வாகைகுளத்தில் பிரச்னை ஒன்றுமில்லை. 1992-ல் வந்த ஏர்போர்ட். 2025 ஜூலை 26-ல் பிரதமர் மோடி புது டெர்மினலைத் திறந்து வைத்தார். சென்னையோடு ஒப்பிட்டால் சின்ன இடம். வழி தவறுவதற்கே தனித் திறமை வேண்டும். பழகிக்கொள்ள நல்ல இடம். சோதனை சென்னையில்தான்.

முதலில் நேரம். டிக்கெட்டில் 9 மணி என்று போட்டிருந்தால் அது விமானம் நகர்கிற நேரம். உள்நாட்டு விமானம் என்றால், பெரும்பாலான கம்பெனிகளில் பெட்டி போடும் கவுன்ட்டர் 8 மணிக்கே மூடிவிடும். கேட் 8.35-க்கு. பஸ் ஸ்டாண்டிலாவது வண்டி கிளம்பிய பிறகு ஓடிப்போய்த் தொத்தலாம். கண்டக்டர் வாயால் திட்டிக்கொண்டே கையால் தூக்கிவிடுவார். இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டிருக்கும், நீங்கள் இந்தப் பக்கம்! போர்டிங் பாஸில் பார்க்க வேண்டியது கேட் நம்பரும் போர்டிங் நேரமும். சீட் நம்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

'மைக்கில் கூப்பிடுவான்ல அண்ணாச்சி?' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சென்னையில் 2022-ல் 'மௌன விமான நிலைய' முறை வந்துவிட்டது. டி.வி. திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கேட் நம்பர் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு.

இனிதான் முக்கியமான சமாச்சாரம். செலவு மிச்சம் என்று தூத்துக்குடி-சென்னை ஒரு டிக்கெட், சென்னை-சிங்கப்பூர் தனியாக இன்னொரு டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. முதல் விமானம் லேட்டானால் இரண்டாவது கம்பெனிக்காரர் காத்திருக்க மாட்டார். பணத்துக்கும் பொதுவாகப் பொறுப்பேற்க மாட்டார். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் டிக்கெட் காசோடு வேலையும் போச்சு! இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், தவறவிட்ட விமானத்துக்குப் பதில் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பாடு. தனித்தனியாகத்தான் எடுப்பேன் என்றால் நடுவில் அரை நாளாவது விடுங்கள். முடிந்தால் முதல் நாளே சென்னை போய்ப் படுங்கள்.

பெட்டியில் ஒட்டும் சீட்டையும் பாருங்கள். 'எம்.ஏ.ஏ.' என்று இருந்தால் பெட்டி சென்னையோடு இறங்கிவிடும். (மெட்ராஸ் பெயரை மாற்றி எத்தனையோ வருஷமாச்சு, விமானக்காரர்கள் இன்னும் மாற்றவில்லை!) அதை எடுத்துக்கொண்டு, பன்னாட்டு டெர்மினலுக்குப் போய் மறுபடி போட வேண்டும். 'சிங்கப்பூர் போய்த்தானே கிடைக்கும்?' என்று கவுன்ட்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

கடைசியாக, அம்மா கட்டித் தரும் சாமான்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் விட மாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் கூடவே கூடாது; எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருளாம் அது. நம்ம ஊர் மக்ரூனுக்குத் தடை இல்லை. கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிற பார்வைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை!