கமலாபுரம் ஓடுதளம்: அன்றும் இன்றும்

சேலத்துக்கு விமானம் நான்கு முறை வந்தது. அதில் மூன்று முறை நின்றுபோனது. ஓமலூரைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் கமலாபுரம் விமான நிலையத்தின் கதையை இந்த இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நின்றுபோன ஒவ்வொரு முறையும் ஊருக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: சேலத்துக்காரர்கள் ஏறவில்லை, கூட்டம் போதவில்லை. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை.

நிலையம் திறந்தது 1993-ல். 136 ஏக்கர் நிலம், 1,806 மீட்டர் ஓடுதளம், ஒரு சின்ன டெர்மினல். தனியார் விமானங்களுக்கு நாட்டில் அப்போதுதான் கதவு திறந்திருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. நிறுவனம் சேலத்துக்குப் பறந்தது. காற்றாலைத் தொழிலிலிருந்து விமானத் தொழிலுக்கு வந்த நிறுவனம் அது. அன்றைய சேலத்தில் விமானம் ஏறக்கூடியவர்கள் யார்? உருக்காலையின் பெரிய அதிகாரிகள், சில மில் முதலாளிகள், வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் ஒரு சிலர். மற்றவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருந்தது. இரவு சாப்பிட்டுவிட்டு ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. பகலெல்லாம் வேலையை முடித்துவிட்டு மறுபடி இரவு ரயில். ஒரு ராத்திரித் தூக்கத்தோடு போட்டி போட்டு ஜெயிப்பது எந்த விமானத்துக்கும் சுலபமில்லை. என்.இ.பி.சி. சேவை நின்றது. 1997-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. கமலாபுரத்தில் நெடுங்காலத்துக்குப் பயணிகள் விமானமே இல்லை.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. சிறு ஊர்களுக்கும் பறக்கலாம் என்ற நம்பிக்கையை 2003 முதல் நாட்டில் விதைத்தது கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான். 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். அந்த டெக்கானையும் கிங்ஃபிஷர் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. சென்னைக்கு ஒரு சேவை ஓடி, 2011-ல் அதுவும் நின்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் நாடு முழுக்கத் தரையிறங்கின. மறுபடி பறக்கவே இல்லை.

மூன்றாவதாக வந்தது ட்ரூஜெட். 2018 மார்ச் 25 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தன் சொந்த மாவட்டத்தில் அதைத் தொடங்கி வைத்தார். சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் ஒன்றிய அரசின் உடான் திட்டத்தில் கிடைத்த சேவை அது. மூன்று ஆண்டு ஓடியது, 2021-ல் நின்றது. 2022 தொடக்கத்தில் ட்ரூஜெட்டின் எல்லாச் சேவைகளுமே நின்றுபோயின.

இப்போது சேர்த்துப் பாருங்கள். என்.இ.பி.சி. இல்லை. கிங்ஃபிஷர் இல்லை. ட்ரூஜெட் இல்லை. இவை சேலத்தை மட்டும் விட்டுப் போகவில்லை, தொழிலையே விட்டுப் போயின. பெருநகரங்களுக்குப் பறந்த விமானங்களையும் சேர்த்துத்தான் கிங்ஃபிஷர் இழந்தது. அதற்கும் சேலத்துக் கூட்டம்தானா காரணம்? நோஞ்சான் நிறுவனங்களோடு முடிச்சுப்போட்டுவிட்டு, அவை விழுந்ததும் பழியை ஊர்மேல் போட்டார்கள். கால் நூற்றாண்டாக இந்த ஊரைப் பற்றி எழுதப்பட்ட 'வரவேற்பில்லை' என்ற சொல்லைத் திருத்தி எழுத வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2023 அக்டோபரில் நான்காவது வருகை. பெங்களூரு, கொச்சிக்கு அலையன்ஸ் ஏர். அதே மாதக் கடைசியில் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இண்டிகோ. அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். ஓடுதளம் அதே 1,806 மீட்டர்தான். வந்திருக்கும் நிறுவனம்தான் வேறு. உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோவுக்குச் சேலம் ஒரு கடைசி நிறுத்தமில்லை, ஒரு வாசல். ஓமலூரில் ஏறியவர் ஹைதராபாத்தில் இறங்கி, அதே டிக்கெட்டில் டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகலாம். என்.இ.பி.சி. காலத்தில் சென்னையில் இறங்கியவர், அடுத்த விமானத்துக்குத் தனி டிக்கெட், தனிக் காத்திருப்பு என்று அலைய வேண்டியிருந்தது.

பறப்பவர்களும் மாறிவிட்டார்கள். ஹைதராபாத், பெங்களூரு ஐ.டி. கம்பெனிகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், பேரனைப் பார்க்கப் போகும் பாட்டி, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசு வியாபாரத்துக்கு வடக்கே போகிறவர், ஜவ்வரிசி ஆலைக்காரர், இளம்பிள்ளைச் சேலை வியாபாரி. ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாக்காரர்களும் உண்டு. உருக்காலை அதிகாரியை மட்டும் நம்பியிருந்த காலம் போய்விட்டது.

கமலாபுரத்துக்கு வரும் விமானத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சிறு நிலையங்களின் பிழைப்பு முழுக்க அதில் அடங்கியிருக்கிறது. ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம் அது. இறக்கை உடம்புக்கு மேலே. அதனால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே சேர்வராயன் மலை மறைக்காமல் தெரியும். பயணிகள் தார்த்தளத்தில் நடந்துபோய்ப் பின்பக்கக் கதவின் படியில் ஏறுகிறார்கள். சாமான் முன்பக்கத்தில் ஏறுகிறது. பாலம் வேண்டாம், ஏணி வண்டி வேண்டாம். தரையில் நிற்கும்போது வலதுபக்க எஞ்சினின் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவார்கள், விளக்குக்கும் ஏ.சி.க்கும் மின்சாரம் அதிலிருந்தே வரும். தனி ஜெனரேட்டர் வண்டி வாங்க வழியில்லாத நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் கிடையாது.

இண்டிகோவின் ஏ.டி.ஆரில் 78 இருக்கை. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 80-க்குக் குறைந்த இருக்கையுள்ள உள்நாட்டு விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. எரிபொருள் வரியிலும் சலுகை உண்டு. ஜெட் விமானம் தமிழ்நாட்டில் நிரப்பும் எரிபொருளுக்கு வாட் வரி 29 சதவீதம் என்று நெடுங்காலம் இருந்தது. சிறிய விசிறி விமானங்களுக்கும் உடான் நிலையங்களுக்கும் அதில் சிறு பங்குதான். இந்தச் சலுகைகளை எடுத்துவிட்டால், நாற்பது ஐம்பது நிமிடம் பறக்கும் ஒரு சேவையில் எந்த நிறுவனத்துக்கும் கட்டுபடியாகாது. ஏறும்போதுதான் எரிபொருள் அதிகம் செலவாகும். குறைந்த தூரப் பயணத்தில் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடுகிறது.

உடான் திட்டம் தொடங்கியபோது, ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகளை 2,500 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அதனால் குறையும் வருமானத்தை மானியமாகக் கொடுத்தார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசுடையது. மிச்சம், பெரிய வழித்தட விமானங்களிடம் வசூலிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. அதாவது டெல்லி–மும்பை பயணி கொடுக்கும் காசில் ஒரு துளி ஓமலூருக்கு வருகிறது. நியாயமான ஏற்பாடு. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். அதன்பின் வழித்தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது விதி.

நின்றதா? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் கொடுத்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். முதல் மூன்று சுற்றில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கியவற்றில் மூன்றாண்டை முழுதாக ஓட்டியவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை வெறும் 54. ஒதுக்கியதில் நூற்றுக்கு ஏழு. ட்ரூஜெட்டின் சேலம் சேவை மூன்று ஆண்டோடு நின்றது சேலத்தின் குற்றமல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நாடு முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் 1978-ல் சிறு ஊர் விமானங்களுக்குப் பத்து ஆண்டுக்கு மட்டும் என்று தொடங்கிய மானியம் இன்றுவரை தொடர்கிறது. அந்தப் பணக்கார நாட்டிலேயே சிறு ஊர் விமானம் சொந்தக் காலில் நிற்கவில்லை. மூன்று ஆண்டில் அப்படி நின்றுவிடும் என்று நாம் நினைத்ததுதான் தப்புக் கணக்கு.

சென்னை வழித்தடத்துக்கு இன்று புதுப் போட்டியும் வந்திருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து கோவை–சென்னை வந்தே பாரத் சேலத்தில் நின்று போகிறது. நான்கு மணி நேரத்தை ஒட்டிச் சென்னை. சேலம் நகரிலிருந்து கமலாபுரம் போய், முன்கூட்டியே காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போவதற்குள் ஏறக்குறைய அந்த நேரம் ஆகிவிடும். ஆகவே சேலம் விமானத்தின் எதிர்காலம் சென்னையில் இல்லை என்பது என் எண்ணம். அது ஹைதராபாத்தில், கொச்சியில், முக்கியமாகப் பெங்களூருவில் இருக்கிறது. பெங்களூரு இருநூறு கிலோமீட்டர்தானே, காரிலேயே போகலாமே என்று கேட்பவர்கள் தேவனஹள்ளியை மறந்துவிடுகிறார்கள். பெங்களூரு விமான நிலையம் அங்கே, ஊருக்கு வடக்கே இருக்கிறது. தெற்கிலிருந்து போகும் நம்மவர்கள் ஓசூர் ரோட்டில் நுழைந்து நகரத்தையே குறுக்கே கடந்தாக வேண்டும். அந்த நெரிசலில் வெளிநாட்டு விமானத்தைத் தவறவிடுவோமோ என்று அரை நாள் முன்பே கிளம்புகிறவர்கள் எத்தனை பேர்! சேலம், தருமபுரி, நாமக்கல் மூன்று மாவட்டத்துக்காரர்களுக்கும் கமலாபுரத்தில் ஏறி நேரே தேவனஹள்ளியில் இறங்குவது உண்மையான உதவி.

இதற்கிடையில் விரிவாக்கப் பேச்சு. சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, பொட்டியபுரம், கமலாபுரம் ஆகிய நான்கு ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுத்து, ஓடுதளத்தை நீட்டி, பெரிய ஜெட் இறக்க வேண்டும் என்பது திட்டம். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக அளவுக்கல் நட்டபோது இந்த மாவட்டம் எப்படிக் கொதித்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே 2018-ல்தான் இந்த ஊர்க்காரர்களும் நிலத்தைத் தரமாட்டோம் என்று போராடினார்கள். முதல் விமான நிலையத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை நிலத்தை விட்டுக்கொடுத்த பகுதி இது. அந்த ஓடுதளமோ பாதி ஆயுளுக்கு மேல் சும்மா கிடந்தது. கொடுத்த 136 ஏக்கரை ஒழுங்காக ஓட்டிக் காட்டாமல் இன்னும் 570 ஏக்கர் கேட்பது எந்த முறை? ஏ.டி.ஆர். நாளுக்கு எட்டு முறை வந்து போகவும் இருக்கும் தளம் போதும். ஜெட் வந்தால் இறங்கு கட்டணம் வரும், நிரப்ப வேண்டிய இருக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். கூட்டம் தேடி வந்த பிறகு நிலம் கேட்கட்டும்.

2024 ஜூனில் தமிழக அரசு ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பேர் வந்துபோகும் பெரிய விமான நிலையம் வரும் என்று அறிவித்தது. பெங்களூரு நிலையத்தோடு செய்த ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் புது நிலையம் 2033 வரை கூடாது என்ற தடை குறுக்கே நிற்கிறது. தடை நீங்கி ஓசூர் வந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கூட்டம் அங்கே போய்விடும். அதற்குள் கமலாபுரம் மக்களின் பழக்கத்தில் ஊறிவிட வேண்டும். இல்லையென்றால் பிறகு வழியில்லை.

வேறு வருமானமும் இருக்கிறது. விமானி பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் கொடுக்க இந்திய விமான நிலைய ஆணையம் 2022-ல் தேர்ந்த ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. நாளெல்லாம் சும்மா கிடக்கும் ஓடுதளத்துக்கு இது நல்ல வேலை. ஆனால் பயிற்சி விமானத்தை வைத்து மட்டும் ஒரு பொது விமான நிலையத்தை நியாயப்படுத்த முடியாது.

இனி செய்ய வேண்டியவை பெரிய காரியங்களில்லை. வியாபாரி காலையில் போய் வேலையை முடித்து மாலையில் திரும்ப வேண்டும். நடுப்பகலில் ஒரு விமானம் வந்து போனால் அவருக்குப் பயனில்லை, ஒரு ராத்திரி ஓட்டல் வாடகைதான் மிச்சம். ஆகவே காலை, மாலை நேரம் வேண்டும். சேலம் பேருந்து நிலையத்திலிருந்து விமான நேரத்துக்கு ஒத்துப்போகும் பஸ் வேண்டும். கார் வாடகை விமானக் கட்டணத்தில் பாதியானால் யார் போவார்கள்? மூன்றாண்டு மானியம் முடிந்ததும் மாநில அரசு இன்னும் சில ஆண்டுக்காவது குறைந்துகொண்டே வரும் உதவியை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். வணிகர் சங்கங்களும் ஜவுளி, வெள்ளி, ஜவ்வரிசித் தொழில்காரர்களும் சேர்ந்து மாதத்துக்கு இத்தனை இருக்கை எங்களுடையது என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசி வாங்க வேண்டும். மனுக் கொடுப்பதைவிட அது நூறு மடங்கு வலிமை.

2023 அக்டோபரில் தொடங்கிய உடான் சேவைக்கு மூன்றாண்டுக் கெடு 2026 அக்டோபர். அரசு, நிறுவனம், ஊர் மூன்றும் அதற்கு முன்பே ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.