நெஞ்சு எரியுது டாக்டர்

பஹாவ், ரந்தாவ், லாபு பக்கத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் நம் பெண்கள், மனசு சரியில்லை என்று பேச்சைத் தொடங்குவது அபூர்வம். நெஞ்சு எரிகிறது, பின்மண்டை வலிக்கிறது, சோறு இறங்கவில்லை என்பார்கள். காஸ்ட்ரிக் மாத்திரையும் பனடோலும் கிடைக்கும். அடுத்த மாதமும் அதே வலியோடு வந்து நிற்பார்கள். அந்த வலி பொய்யில்லை. மனச்சோர்வு தூக்கத்தையும் பசியையும் கெடுத்து, உடம்பு வலியாகவும் வெளிப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்து, எதிலும் நாட்டமில்லாமல் போனால் டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லயம் போன பிறகு

நீலாய், செண்டாயான் வட்டாரத்தில் பல தோட்டங்கள், லயத்து வீடுகளோடு சேர்த்து, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன கிழவிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையும் இல்லை, ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட ஆளும் இல்லை. இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சம்சு சாராயமும் கடனும் வேறு.

பூசாரியும் டாக்டரும்

ஆடித் திருவிழாவில் அருள் வந்து ஆடுவது நோயல்ல. ஆடி முடித்தவர் மறுநாள் காலை பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போய்விடுவார். ஒரு பையன் வாரக்கணக்கில் குளிக்காமல், தனியாகப் பேசிக்கொண்டு, அம்மா போட்ட சோற்றில் விஷம் இருக்கிறது என்றால் அது வேறு. செய்வினை என்று மாதக்கணக்கில் அலைந்தால், குணமாவதும் அந்த அளவுக்குக் கடினமாகும்.

கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முனீஸ்வரர் கயிறு கையில் இருக்கட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. மூடநம்பிக்கை என்று டாக்டர் முகம் சுளித்தால் அந்தக் குடும்பம் திரும்பி வராது. பூசாரி என்ன சொன்னார் என்று கேட்டுப் பார்க்கட்டும், பாதிக் கதை அங்கேயே வந்துவிடும். ‘ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வாம்மா’ என்று பூசாரி ஒரு வார்த்தை சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

கிளினிக்கில், மலாய் சரளமாக வராத பாட்டிக்குப் பேத்தியை மொழிபெயர்க்க வைப்பதும் தப்பு. மகன் குடித்துவிட்டு அடிப்பதை அவன் பிள்ளை வாயால் எந்தப் பாட்டி சொல்வாள்? தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள்.

இனி போலீஸ் பயமில்லை

தற்கொலை முயற்சி முன்பு தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின்படி குற்றம். அதற்குப் பயந்தே ‘மருந்து மாறிக் குடிச்சிட்டா’ என்று மறைத்த குடும்பங்கள் உண்டு. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். அவசரத்தில் கைக்கு எட்டாதபடி, புல் மருந்தை (களைக்கொல்லியை) வீட்டில் வைக்காதீர்கள், ஸ்டோரில் பூட்டிவிடுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929.